ஒரே வீரர், ஒரே வண்டி, மூன்று முழங்கால் கோணங்கள்: எந்த அளவீட்டை நம்புவது?

நந்திச்சாலை, பெங்களூரு

வணக்கம். பெங்களூரில் சாலைப் பந்தய வீரர்கள் சிலருக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். அவர்களுள் ஒருவர் தேசிய அளவில் முன்வரிசையில் இருப்பவர். வலது முழங்காலின் முன்புறம் வலிக்கிறது என்று அவர் சொல்லத் தொடங்கியதால், அமர்வு நிலையைச் சரிபார்க்க நகரில் மூன்று வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பினேன். அதே மிதிவண்டி, அதே காலணி. சேடிலை, அதாவது இருக்கையை, யாரும் தொடக்கூடாது, இருக்கும் நிலையை அப்படியே அளந்து தாருங்கள் என்று எழுதியும் கொடுத்திருந்தேன்.

பெடல் கீழ்முனைக்கு வரும்போது முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதற்கு ஓரிடத்தில் 33 டிகிரி, இன்னோரிடத்தில் 36, மூன்றாவதில் 39 என்று விடை வந்தது. முதல் இடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். மூன்றாவது இடத்தில் சேடிலை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தச் சொல்கிறார்கள். மூவருமே தங்கள் கருவிதான் துல்லியமானது என்று உறுதியாகப் பேசுகிறார்கள். மூவரிடமும் வண்ணப் படங்களோடு அச்சிட்ட அறிக்கை இருக்கிறது.

பருவத்தின் நடுவில் சேடில் உயரத்தை ஒரு சென்டிமீட்டர் மாற்றுவது விளையாட்டான காரியம் அல்ல என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எந்த எண்ணை நம்புவது என்று கேட்கிறேன். அதைவிட முக்கியமாக, இனி நானே அளப்பதாக இருந்தால் எப்படி அளந்தால் நம்பலாம் என்பதையும் கேட்கிறேன்.


அளவியல்காரர், பீன்யா

ஐயா, எனக்கு மிதிவண்டிப் பந்தயம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதோடு சரி. ஆனால் பீன்யாவில் இயந்திர உதிரிபாகங்களை அளக்கும் கருவிகளோடுதான் என் பணிக்காலம் முழுதும் போயிற்று. உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி எங்கள் பட்டறைகளில் அன்றாடம் எழுகிற கேள்விதான்.

ஒரு புதிய அளவுமானி வந்தால் அதன் பெட்டியில் என்ன துல்லியம் அச்சிட்டிருக்கிறது என்பதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பத்துப் பாகங்களை மூன்று ஆட்களிடம் கொடுத்து, முந்தைய அளவைப் பார்க்காமல் ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று முறை அளக்கச் சொல்வோம். ஒரே ஆள் மறுபடி அளக்கும்போது வரும் வேறுபாடு ஒரு கணக்கு. ஆள் மாறும்போது வரும் வேறுபாடு இன்னொரு கணக்கு. இரண்டையும் சேர்த்துத்தான் கேஜ் ஆர் அண்ட் ஆர் என்கிறோம். இப்படிக் கிடைக்கும் சிதறலின் திட்டவிலக்கத்தை ஆறால் பெருக்கி, அந்தப் பாகத்துக்கு அனுமதிக்கப்பட்ட இடைவெளியோடு ஒப்பிடுவோம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல முறை; 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்த முறையை வைத்து எந்தப் பாகத்தையும் தள்ளவோ ஏற்கவோ கூடாது.

முழங்கால் கோணத்துக்கு 25 முதல் 35 டிகிரி வரை என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். அதாவது அனுமதிக்கப்பட்ட இடைவெளி 10 டிகிரி. அளவீட்டின் திட்டவிலக்கம் வெறும் 2 டிகிரி என்று வைத்துக்கொண்டாலும் ஆறு மடங்கு 12 டிகிரி ஆகிறது. அது 120 சதவீதம். பீன்யாவில் இப்படி ஓர் அளவுமானியைக் கொண்டுவந்தால் வாயிற்காவலரே திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆகவே மூன்றில் எது சரி என்று கேட்பதற்கு முன், அந்த மூன்று இடங்களில் ஒவ்வொன்றும் அதே வீரரை இன்னொரு நாள் அளந்தால் தன் எண்ணையே திரும்பப் பெறுமா என்று கேட்க வேண்டும். அறிக்கையில் அப்படி ஒரு பிழை வரம்பு எங்காவது அச்சாகியிருக்கிறதா?


நந்திச்சாலை, பெங்களூரு

இல்லை. ஒன்றில் மட்டும் தசம இலக்கம் வரை கோணம் கொடுத்திருக்கிறார்கள். பிழை வரம்பு எதிலும் இல்லை.


மூட்டுநோக்கி, ஹலசூர்

நான் இயன்முறை மருத்துவர். இயக்க ஆய்வகத்தில் பணி. மேலே அளவியல்காரர் சார் எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் உங்கள் மூன்று எண்களை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: மூவரும் ஒரே பொருளைத்தான் அளந்தார்களா?

25 முதல் 35 டிகிரி என்ற வரம்பு 1994இல் ஹோம்ஸும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அது வீரரை நிறுத்திவைத்து, பெடல் கீழே இருக்கும் நிலையில், கையால் பிடிக்கும் கோணமானியைக் கொண்டு அளப்பதற்கானது. வீரர் மிதித்துக்கொண்டிருக்கும்போது கணுக்கால் வேறு விதமாக நிற்கும். இடுப்பு சேடிலில் சற்று இறங்கி அசையும். அதனால் அதே உயரத்தில் இயக்கத்தின்போது அளக்கும் கோணம் நிலையான அளவைவிடப் பல டிகிரி கூடுதலாகவே வருவது வழக்கம். உங்கள் 33 கோணமானியில் வந்து, 39 கேமராவில் வந்திருந்தால், இரண்டும் சரியாகவே இருக்கக்கூடும். தவறு, இயக்கத்தில் எடுத்த எண்ணை நிலையான நிலைக்கு எழுதிய வரம்போடு ஒப்பிட்டதில் இருக்கும்.

அடுத்தது மார்க்கர்கள், அதாவது கேமரா மூட்டுகளை அடையாளம் காண உடலில் ஒட்டும் புள்ளிகள். இதில் சற்று நேரம் செலவிடுகிறேன், ஏனென்றால் பிழையின் பெரும்பகுதி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. தொடைக்கு 43 சென்டிமீட்டர், முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு 43 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் 35 டிகிரி அளவில் மடங்கியிருக்கும்போது, கணுக்கால் மாறாமல் இருந்தால், சேடிலை 5 மில்லிமீட்டர் உயர்த்தினால் முழங்கால் கோணம் ஏறத்தாழ 2 டிகிரி மட்டுமே குறையும். இப்போது முழங்காலின் வெளிப்புறத்தில் ஒட்டும் மார்க்கரை ஒருவர் 1 சென்டிமீட்டர் முன்னே தள்ளி ஒட்டிவிட்டார் என்று கொள்வோம். தொடைக்கோடும் திரும்புகிறது, கீழ்க்கால் கோடும் திரும்புகிறது, ஒவ்வொன்றிலும் 1.3 டிகிரி வீதம் மொத்தம் 2.7 டிகிரி மாறிவிடும். அதாவது மார்க்கரை ஒட்டிய விரலின் 1 சென்டிமீட்டர், சேடிலின் 5 மில்லிமீட்டரைவிடப் பெரிது. கேமரா பல லட்சம் ரூபாய் பெறுமானதாக இருந்தாலும் அது மார்க்கர் எங்கே இருக்கிறது என்பதைத்தான் மில்லிமீட்டருக்குள் சொல்லும். மூட்டு எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இடுப்பு இன்னும் மோசம். ட்ரோகான்டர் என்று நாங்கள் அழைக்கும் தொடையெலும்பின் வெளிப்புறத் துருத்தலில் ஒட்டும் மார்க்கர், பெரும்பாலும் தோலில் அல்ல, இறுக்கமான ஷார்ட்ஸின் துணிமேல்தான் ஒட்டப்படுகிறது. கால் மேலே வரும்போது துணியும் தோலும் எலும்பின்மேல் வழுக்கிச் செல்கின்றன. நடை ஆய்வில் இடுப்பெலும்பின் முன்முனைகளில் மார்க்கர் ஒட்டி இடுப்பு மூட்டின் மையத்தைக் கணக்கிடுவோம். பந்தய வீரர் கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்தால் அந்த முனைகள் வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே மறைந்துவிடும். நடைக்கு எழுதிய மென்பொருளை அப்படியே மிதிவண்டிக்குப் பயன்படுத்துகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.


ஒயிட்ஃபீல்ட்_மிதிப்பான்

மன்னிக்கவும், நீங்கள் எல்லோரும் பழைய முறையைச் சுற்றியே பேசுகிறீர்கள் என்று தோன்றுகிறது. மார்க்கரை ஒட்டுவதில்தான் பிழை என்றால் மார்க்கரே இல்லாமல் அளப்பதுதானே விடை? இப்போது கைபேசிக் காணொளியிலிருந்து மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் கிடைக்கின்றன. நான் என்னையே ட்ரெய்னரில் (வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் தாங்கியில்) வைத்துக் காலையும் மாலையும் அளந்து பார்த்தேன். முழங்கால் கோணம் ஒரு டிகிரிக்குள் திரும்ப வந்தது. ஆள் மாறும் பிழை இதில் கிடையாது. ஒட்டுகிற விரலே இல்லையே.


அளவியல்காரர், பீன்யா

தம்பி, காலையும் மாலையும் ஒரே எண் வந்தது என்பது நல்ல செய்திதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரே இடத்தில் தவறும் கருவியும் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைத்தான் தரும். அந்த நிரல்கள் மனிதர்கள் படங்களில் புள்ளி வைத்துக் காட்டியதிலிருந்து கற்றவை. படத்தில் இடுப்பு மூட்டு கண்ணுக்குத் தெரியாது. புள்ளி வைத்தவர் ஊகித்த இடத்தைத்தான் நிரலும் ஊகிக்கிறது. எனவே ஒருவரையே அவருடைய பழைய அளவோடு ஒப்பிடுவதற்கு அது பயன்படலாம், வெளியிலிருந்து வந்த 25–35 வரம்போடு ஒப்பிடுவதற்கு அல்ல. உங்கள் சோதனையில் இன்னொரு கேள்வியும் பாக்கி இருக்கிறது: காலைக்கும் மாலைக்கும் நடுவே கைபேசியை எடுத்து மறுபடி வைத்தீர்களா, அல்லது அது தாங்கியிலேயே இருந்ததா?


ஒயிட்ஃபீல்ட்_மிதிப்பான்

தாங்கியிலேயே இருந்தது. ஷார்ட்ஸும் மாற்றவில்லை. புரிகிறது சார்.


மூட்டுநோக்கி, ஹலசூர்

இருந்தாலும் கைபேசியை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம் என்றே சொல்வேன். பலரும் குறை சொல்வது அதன் படவேகத்தை. 90 கேடன்ஸில், அதாவது நிமிடத்துக்கு 90 மிதிச் சுற்றில், க்ராங்க் (பெடலைத் தாங்கும் கை) நொடிக்கு 540 டிகிரி சுற்றுகிறது. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் இரண்டு படங்களுக்கு இடையே க்ராங்க் 18 டிகிரி நகர்ந்துவிடும்; 60 படத்தில் 9 டிகிரி, 120 படத்தில் 4.5 டிகிரி. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் பெடல் கீழ்முனையில் இருக்கும்போது இடுப்புக்கும் பெடலுக்கும் இடையிலான தூரம் மிக மெதுவாகத்தான் மாறுகிறது. 60 படத்தில் அதிகபட்சமாக அரைப் படம் தவறினாலும், 170 மில்லிமீட்டர் க்ராங்கில் அந்தத் தூரம் அரை மில்லிமீட்டர்தான் மாறும். முழங்கால் கோணத்தில் அது கால் டிகிரிகூட இல்லை. எனவே கீழ்முனைக் கோணத்துக்கு மட்டும் என்றால் படவேகம் உங்கள் முதல் எதிரி அல்ல.

ஒளிபதியும் நேரம்தான் எதிரி. 90 கேடன்ஸில் பெடல் நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் போகிறது. அறை வெளிச்சம் போதாமல் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் 60இல் ஒரு பங்கு நொடி எடுத்துக்கொண்டால் பெடலும் காலணியும் 2.7 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கலங்கிப்போகும். 500இல் ஒரு பங்கு என்றால் 3 மில்லிமீட்டர். ஒரு நல்ல விளக்கு வாங்குவது, புதிய கைபேசி வாங்குவதைவிட மலிவானது. கேமராவை அருகில் வைத்து அகலக் கோணத்தில் எடுக்காமல், தள்ளி வைத்து உருப்பெருக்கி எடுங்கள். லென்ஸின் உயரம் முழங்கால் உயரத்துக்கு அருகிலும், பார்வைக்கோடு வண்டிக்கு நேர் குறுக்காகவும் இருக்கட்டும்.

ஆனால் முழங்கால் உள்ளே சாய்கிறதா, இடுப்பு இருபுறமும் ஆடுகிறதா என்பவற்றுக்குப் பக்கவாட்டுக் காணொளி ஒன்று மட்டும் பயன்படாது. உங்கள் வீரருக்கு முழங்கால் முன்வலி என்றால், அவற்றையும் பார்த்தாக வேண்டும்.


பைன்பலகை, தில்லி

தில்லியிலிருந்து எழுதுகிறேன். டிராக் ஸ்பிரின்ட் ஓட்டுகிறேன். இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தின் வெலோட்ரோமில், அதாவது சாய்தள மிதிவண்டி ஓடுதளத்தில்தான் எங்கள் பயிற்சி. 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய 250 மீட்டர் மரத்தளம் அது. 2022 ஜூனில் ஆசிய டிராக் சாம்பியன்ஷிப் இங்கே நடந்தபோது ரொனால்டோ சிங் ஸ்பிரின்டில் வெள்ளி வென்றதைப் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தவன் நான்.

ட்ரெய்னரில் 90 கேடன்ஸில் அளந்த எண்கள் எங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஸ்பிரின்டில் 140 கேடன்ஸ் சாதாரணம். அக்கா மேலே போட்ட கணக்கையே நீட்டினால் 60 படத்தில் ஒரு படத்துக்கு 14 டிகிரி. அதைவிட என்னை உறுத்துவது வளைவு. 200 மீட்டரைப் பத்து நொடியில் கடந்தால் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். வளைவின் ஆரம் 25 மீட்டர் என்று கொண்டால், மையவிலக்கும் புவியீர்ப்பும் சேர்ந்து உடலை அழுத்தும் விசை நிற்கும்போது இருக்கும் எடையைப் போல ஏறத்தாழ 1.9 மடங்கு ஆகிறது. இடுப்பு சேடிலில் அமுங்குகிறது, தோள் இறங்குகிறது, கழுத்து நிமிர மறுக்கிறது. ஆய்வகத்தில் அளந்த என் அமர்வு நிலையில் நான் வளைவில் ஒருபோதும் இருப்பதில்லை.

இன்னொன்று: ட்ரெய்னரில் வண்டி ஆணியடித்ததுபோல் நிற்கிறது. வெளியே முழு பலத்தோடு கிளம்பும்போது வண்டியை இருபுறமும் சாய்த்துத்தான் மிதிக்கிறோம். ட்ரெய்னரின் சக்கரத்தில் இருக்கும் உந்தமும் ஓடும் வண்டியின் உந்தமும் ஒன்றல்ல. அதனால் ஒரு சுற்றுக்குள் க்ராங்க் வேகம் கூடிக் குறையும் விதமும் வேறு, கால் விசை செலுத்தும் விதமும் வேறு.


மூட்டுநோக்கி, ஹலசூர்

தம்பி சொல்வது சரி, அதற்கு எளிய விடை கிடையாது. டிராக்கில் ஓடும் வீரரை நிலையான கேமரா ஓரிரு மிதிகளுக்குத்தான் பார்க்கும். உடலில் கட்டும் அசைவுணரிகளைப் பயன்படுத்தலாம். ஆனால் அவை தொடைத் தசையோடு சேர்ந்து ஆடும், வெலோட்ரோமின் இரும்புச் சட்டங்களுக்கு அருகே காந்தத் திசைகாட்டியை நம்பும் உணரிகள் திசை தவறவும் கூடும். என் பரிந்துரை, ஆய்வகத்தில் மூட்டுக்கோணத்தையும் டிராக்கில் க்ராங்க் விசையையும் நேரத்தையும் அளந்து, ஒன்றை மற்றதன் இடத்தில் வைக்காமல் இருப்பது. டிராக்கில் ஒன்றைக் கவனியுங்கள்: வளைவில் சக்கரம் வெளிவட்டத்திலும் உடலின் எடைமையம் உள்வட்டத்திலும் போகின்றன. எனவே சக்கர வேகத்தை வைத்து உடலின் வேகத்தைக் கணக்கிட்டால் ஒவ்வொரு வளைவிலும் பொய் வேகம் கூடும்.


நந்திச்சாலை, பெங்களூரு

எல்லோருக்கும் நன்றி. அந்த மூன்று இடங்களிலும் விசாரித்துவிட்டேன். 33 என்பது கோணமானியில் நிறுத்திவைத்து எடுத்ததுதான். 36, 39 இரண்டும் இயக்கத்தின்போது எடுத்தவை. 36 எடுத்த இடத்தில் வீரர் மெதுவாக மிதித்திருக்கிறார், 39 எடுத்த இடத்தில் பந்தய அளவுக்கு அழுத்தி மிதித்திருக்கிறார். ஆக மூன்று கேள்விகளுக்கு மூன்று விடைகள். சேடிலை இப்போதைக்குத் தொடவில்லை.

பேச்சு விசைப் பக்கம் வந்ததால் இதையும் கேட்டுவிடுகிறேன். விசை அளக்கும் பெடலை வைத்து ஓரிடத்தில் என் வீரரின் மிதிப்புத் திறன் குறைவு, பெடலை மேலே இழுக்கக் கற்றுக்கொடுங்கள் என்று அறிக்கை தந்திருக்கிறார்கள். இடது 48, வலது 52 என்று சமமின்மையும் காட்டியிருக்கிறார்கள். இவற்றுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது?


மூட்டுநோக்கி, ஹலசூர்

மேலே இழுப்பது பற்றி: 1991இல் காயிலும் சகாக்களும் உயர்நிலை வீரர்களையும் அவர்களுக்குச் சற்றுக் கீழே இருந்தவர்களையும் ஒப்பிட்டபோது, சிறந்தவர்கள் மேலே அதிகம் இழுக்கவில்லை, கீழே இன்னும் வலுவாக அழுத்தினார்கள் என்றுதான் கண்டார்கள். 2007இல் கார்ஃபும் சகாக்களும் வீரர்களை வேண்டுமென்றே மேலே இழுக்கச் சொல்லி அளந்தபோது, விசைத் திசையின் குறியீடு மேம்பட்டது. ஆனால் செலவழித்த ஆற்றலுக்குக் கிடைத்த வேலை குறைந்தது. அதாவது அறிக்கையில் அழகாகத் தெரியும் எண் உயர்ந்து, உடல் கூடுதலாக மூச்சு வாங்கியது. எதை அளக்க முடிகிறதோ அதையே வளர்க்கச் சொல்லும் பழக்கம் இந்தத் துறையில் நிறையவே இருக்கிறது, அதில் எனக்குச் சிறிது கோபமும் உண்டு.

48–52 என்பதற்கு, ஒரே நாளில் ஒரே வீரரின் சமநிலை அழுத்தத்தின் அளவைப் பொறுத்தே மாறும் என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். இடது பக்கம் மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் பவர் மீட்டர்களில் (மிதிக்கும் திறனை வாட்டில் காட்டும் கருவிகளில்) இது வேறு சிக்கலைக் கொண்டுவரும்: உண்மையில் 300 வாட் மிதிப்பவரின் இடது பங்கு 48 சதவீதம் என்றால் திரையில் 288 வாட்தான் தெரியும். உயர்நிலை வீரருக்கு 12 வாட் என்பது ஒரு பருவத்தின் உழைப்பு. அதை ஒரு பெருக்கல் விழுங்கிவிடுகிறது.


அளவியல்காரர், பீன்யா

பவர் மீட்டரைச் சோதிப்பது உங்கள் கையிலேயே இருக்கிறது. எடைபோட்டு உறுதிசெய்த 20 கிலோ எடையை, க்ராங்க் கிடைமட்டமாக இருக்கும்போது பெடல் அச்சில் தொங்கவிடுங்கள். 170 மில்லிமீட்டர் க்ராங்கில் 20 × 9.81 × 0.17, அதாவது 33.4 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். காட்டும் எண்ணைத் தேதியோடு குறித்துவையுங்கள். வெயிலில் நிறுத்திவைத்த பிறகும் ஒருமுறை செய்யுங்கள். விசையுணரிகள் வெப்பத்துக்கு நகரும். விடியற்காலைக் குளிரில் நந்திமலை அடிவாரத்தில் சுழியத்தைச் சரிசெய்துவிட்டு, வெயில் ஏறித் திரும்பும் வழியில் வரும் எண்ணை அப்படியே நம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.


மூட்டுநோக்கி, ஹலசூர்

சார் சொன்ன அந்தத் தேதிக் குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு எங்கள் துறையிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கை 1992 முதல் 1999 வரை டெக்சாஸில் அளந்த காயில், அவருடைய தசைத்திறன், அதாவது செலவழிக்கும் ஆற்றலுக்குக் கிடைக்கும் வேலை, 8 சதவீதம் உயர்ந்தது என்று 2005இல் எழுதினார். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் முன்வைத்த முதல் கேள்வியே, அத்தனை ஆண்டுகளிலும் அந்த எர்கோமீட்டர் (ஆய்வகத்தில் மிதிக்கும் திறனை அளக்கும் வண்டி) எப்போது, எப்படி அளவுத்திருத்தம் செய்யப்பட்டது என்பதுதான். பின்னர் ஒரு கணக்கீட்டில் சிறு பிழை இருந்ததைக் காயிலே ஒப்புக்கொண்டார். 2013இல் ஆர்ம்ஸ்ட்ராங் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஊக்கமருந்துக் கதையை முழுதாக ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், பல ஆண்டு இடைவெளியில் எடுத்த சில அளவீடுகளுக்கு நடுவே தெரியும் 8 சதவீதத்தில் வீரரின் பங்கு எவ்வளவு, கருவியின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரிக்க, அளவுத்திருத்தப் பதிவுகள் இல்லாமல் யாராலும் முடியாது.


இந்திராநகர்_ஏறுபவன்

ஒரு சந்தேகம். நான் பார்த்த ஒரு கருவியின் விளம்பரத்தில் நம்பகக் குணகம் ஐசிசி 0.90 என்று போட்டிருந்தார்கள். 0.90 என்றால் மிக நல்லது என்றுதானே பாடத்தில் படிக்கிறோம்? அதை நம்பலாமா அண்ணா?


அளவியல்காரர், பீன்யா

அந்தக் குணகம் கருவியை மட்டும் பொறுத்ததல்ல, யாரை அளந்தார்கள் என்பதையும் பொறுத்தது. ஆட்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டின் பங்கு, மொத்த வேறுபாட்டில் எவ்வளவு என்பதுதான் அது. அளவீட்டுப் பிழை 2 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி மாணவர், வார இறுதி ஓட்டிகள், முதியவர் என்று கலந்து அளந்தால் கோணங்களின் பரவல் 6 டிகிரி இருக்கலாம். 36ஐ 40ஆல் வகுத்தால் 0.90. அதே கருவியை, எல்லோரும் ஏறத்தாழ ஒரே நிலையில் உட்காரும் தேசிய அணி வீரர்களிடம் கொண்டுபோனால் பரவல் 2.5 டிகிரியாகச் சுருங்கும், 6.25ஐ 10.25ஆல் வகுத்தால் 0.61. கருவி ஒன்றே, பிழையும் ஒன்றே. எனவே குணகத்தை விட்டுவிட்டு, பிழை எத்தனை டிகிரி என்று கேளுங்கள்.

அந்த எண்ணை நீங்களே எடுக்கலாம். ஒவ்வொருவரையும் இருமுறை அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசங்களின் திட்டவிலக்கத்தை 1.41ஆல் வகுத்தால் அளவீட்டின் பிழை. அதை 2.77ஆல் பெருக்கினால், ஒருவரிடம் உண்மையில் ஏதோ மாறியிருக்கிறது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லத் தேவையான குறைந்தபட்ச மாற்றம். பிழை 2 டிகிரி என்றால் அது 5.5 டிகிரி. அதற்குக் கீழே உள்ள மாற்றத்தை வைத்து வீரரின் சேடிலைத் தொடுவது, காற்றில் எழுதிய கணக்கு.


பைன்பலகை, தில்லி

சார், 5.5 டிகிரி என்றால் எங்களுக்குப் பயனே இல்லையே. நாங்கள் செய்யும் மாற்றம் எல்லாம் 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர். அதில் கோணம் ஒன்றிரண்டு டிகிரிதான் மாறும். அப்படியானால் உயர்நிலை வீரர்களை அளப்பதையே விட்டுவிடுவதா?


மூட்டுநோக்கி, ஹலசூர்

விட வேண்டாம், பிழையைச் சுருக்க வழிகள் உண்டு. மார்க்கரைக் கழற்றாமல் ஒரே அமர்வில் சேடிலை மாற்றி மாற்றி அளந்தால் ஒட்டும் பிழை இரண்டு அளவிலும் ஒன்றாகவே இருக்கும். கழிக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுவிடும். ஒரு மிதியை மட்டும் எடுக்காமல் இருபது முப்பது சுற்றுகளின் சராசரியை எடுங்கள். மிதிவண்டி இயக்கம் ஓட்டத்தைவிடக் கட்டுப்பட்டது, சுற்றுக்குச் சுற்று அதிகம் சிதறாது. ஆனால் நாளுக்கு நாள் ஒப்பிடுவதுதான் உங்கள் தேவை என்றால், ஒட்டுபவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும், அவருடைய பிழை அளக்கப்பட்டிருக்க வேண்டும். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

சேடிலின் உயரத்தையே நேரடியாக அளப்பதை மறக்காதீர்கள். க்ராங்க் அச்சிலிருந்து சேடிலின் மேற்பரப்புக்கு அளவுநாடாவில் மில்லிமீட்டர் துல்லியம் கிடைக்கும்போது, அதைக் கோணத்தின் வழியே சுற்றிவளைத்து ஊகிப்பதில் பொருள் இல்லை. கோணம் தேவைப்படுவது, அந்த உயரத்துக்கு உடல் எப்படி ஈடுகொடுக்கிறது என்று பார்க்க.


நந்திச்சாலை, பெங்களூரு

முடிவு செய்திருப்பதை எழுதுகிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள். குழுவில் உள்ள எல்லா வீரர்களையும், அவரவர் வண்டியிலேயே, ஒரு வார இடைவெளியில் இருமுறை அளக்கப் போகிறோம். அதே நேரம், அதே காலணி, அதே ஷார்ட்ஸ், முந்தைய நாள் இலகுவான ஓட்டம் மட்டும். பத்து நிமிடம் உடலைச் சூடேற்றியபின், 90 கேடன்ஸில், ஒவ்வொருவரும் ஒரு மணிநேரம் தாங்கக்கூடிய வாட் அளவின் முக்கால் பங்கில் அளப்போம். நானும் என் துணைப் பயிற்சியாளரும் தனித்தனியாக மார்க்கர் ஒட்டுவோம். வலியுள்ள வீரருக்கு மட்டும் நீண்ட ஓட்டத்தின் முடிவில் களைத்த நிலையிலும் ஒருமுறை எடுப்போம், ஏனென்றால் அவருக்கு வலி வருவது நான்காவது மணிநேரத்தில்தான். பவர் மீட்டர்களுக்கு 20 கிலோ எடை தயார்.


மூட்டுநோக்கி, ஹலசூர்

நல்ல திட்டம். களைத்த நிலையில் எடுப்பதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீரருக்கு விடை அங்கேதான் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறேன். காலணியைப் பெடலில் பூட்டும் க்ளீட் தேய்ந்திருந்தால் முதல் அளவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள், நடுவில் அல்ல. இரண்டாவது வாரம் வருவதற்குள் தோலில் பேனாவால் போட்ட குறிகளை ஸ்பிரிட்டால் முழுதாக அழித்துவிட வேண்டும். குறி லேசாகத் தெரிந்தாலும் விரல் அங்கேயே போகும்.


அளவியல்காரர், பீன்யா

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்து எண்கள் இரண்டாவது வாரம் அளப்பவரின் கண்ணில் படக்கூடாது. உங்கள் துணைப் பயிற்சியாளரின் எண்களும் உங்களுக்குத் தெரியக்கூடாது. காணொளியிலிருந்து கோணத்தை வாசிப்பவர் மூன்றாவது ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. ஒயிட்ஃபீல்ட் தம்பிக்கு நேரம் இருந்தால் அந்த வேலையை அவரிடமே கொடுக்கலாம். அதே காணொளிகளை அவருடைய நிரலிலும் ஓட்டிப் பார்த்தால், மார்க்கர் இல்லாத முறையின் பிழையும் கூடவே கிடைத்துவிடும்.


ஒயிட்ஃபீல்ட்_மிதிப்பான்

நேரம் இருக்கிறது. காணொளிகளுக்கு வீரர் பெயர் வைக்காமல் வெறும் எண் கொடுத்து, வாரத்தையும் கலைத்து அனுப்புங்கள். எது எந்த வாரம் என்ற பட்டியல் அளவியல்காரர் சாரிடம் மட்டும் இருக்கட்டும்.